கியர்பாக்ஸுக்கு வைத்த பொட்டு

"என் உசிரு இந்த ஒடம்புல இருக்குற வரைக்கும் இந்தக் காரோட கியர்பாக்ஸ் ஒயில ஒருத்தனும் மாத்த முடியாது!"

ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் கந்தப்பன் முதலாளி இந்தச் சபதத்தைப் பொதுக்கூட்ட மேடையில் நின்று போடவில்லை. தன் வீட்டு வாசலில், ஆடி மாதத்துச் சாரலில், ஒரு கையில் குடையும் மறுகையில் வேட்டி நுனியுமாக நின்று போட்டார். கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் பக்கத்து வீட்டு இராமையா. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வீட்டுச் சண்டையை விட்டால் அவருக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. மற்றவள் கந்தப்பனின் மனைவி பூரணி. அவள் அப்போதுதான் மரக்கறிச் சந்தைக்கு லீக்ஸ் ஏற்றி வந்த ஒரு லொறியிலிருந்து இறங்கியிருந்தாள்.

காஞ்சிபுரம் பட்டுக் கட்டிக்கொண்டு ஒரு பெண் லீக்ஸ் லொறியில் வந்து இறங்குவதென்றால் அதற்குப் பின்னால் ஒரு புருஷன் இருந்தே தீரவேண்டும். இருந்தார். நுவரெலியாவில் பூரணியின் தங்கை லோஜினி வைகாசியில் வீடு கட்டிக் குடிபுகுந்திருந்தாள். அந்த வீட்டைப் பார்க்கப் போகும் வழியில், நானுஓயா மேட்டில், தானாகக் கியர் மாறுகிற கந்தப்பனின் ஓட்டோ கியர் கார் நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் சிங்கம் மாதிரிக் கர்ஜித்தது. கார் பூனை மாதிரிப் பின்னால் போனது. பூரணிதான் இறங்கி ஓடி டயருக்குக் கல் வைத்தாள். அரை மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, கீழே இறங்கிக்கொண்டிருந்த முதல் லொறிக்குக் கையைக் காட்டினாள். கந்தப்பன் சூடு ஆறிய காரை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

"ஒயிலு கறுத்துப் போச்சுங்க. வண்டி ரிப்பேர் பாக்குற கராஜ் பாஸ் ரெண்டு வருஷமா தலையால அடிச்சுக்கிறாரு" என்றாள் பூரணி, கொண்டையிலிருந்து ஒரு லீக்ஸ் தாளை உருவிப் போட்டுவிட்டு.

"கறுக்கட்டுமே! நானுந்தான் கறுத்துப் போயிருக்கேன். என்னையும் மாத்திருவியா?"

பூரணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். யோசிப்பது போலிருந்தது. அதுதான் கந்தப்பனை இன்னும் கொதிக்க வைத்தது.

"இருபத்திரண்டு வருஷத்து வண்டி இது! மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு! உள்ளுக்குள்ள எல்லாம் தேஞ்சு கெடக்கு. அந்தப் பழைய ஒயில்ல கெடக்குற தூளுதான் ஒண்ண ஒண்ணு புடிச்சு இழுக்குது. புதுசு ஊத்தினா அத்தனையும் கழுவி விட்டுரும். அப்புறம் வழுக்கும். அப்புறம் படுத்துரும். பண்டாரவளையில ஒருத்தன் இப்படித்தான் மாத்தினான். மறுநாளே வண்டி போச்சு!"

இந்தப் பண்டாரவளைக்காரனை யாரும் பார்த்ததில்லை. போன வருஷம் அவன் கம்பளையில் இருந்தான். அதற்கு முந்தின வருஷம் பதுளையில். எங்கே போனாலும் பாவம், மறுநாளே அவன் வண்டி படுத்துவிடும்.

"ஒரேயடியா கழுவி எடுத்தாத்தாங்க ஆபத்து" என்றாள் பூரணி. "கொஞ்சமா வடிக்கணும். வடிச்ச அளவுக்கு அதே சாதி ஒயில புதுசா ஊத்தணும். கொஞ்ச நாள் ஓட்டிட்டு மறுபடி வடிச்சு, மறுபடி ஊத்தணும். மூணு தடவையில வண்டிக்கே தெரியாம மாறிரும். நான் போன்ல எத்தன பேரு செய்யிறதப் பாத்துட்டேன் தெரியுமா?"

"வடிச்சு வடிச்சு ஊத்த இது என்ன சோத்துப்பானையா? கொன்வென்ட்ல சிஸ்டர்மாரு இதத்தான் சொல்லிக்குடுத்தாங்களா?"

"இல்லீங்க. அடுத்தவங்க பேசினா கேக்கணும்னு சொல்லிக்குடுத்தாங்க."

இராமையா இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். கந்தப்பனுக்கு அது போதும். நாலு பேருக்கு முன்னால் விலை சொல்லிவிட்டு இறங்கி வருகிற பழக்கம் அவர் வியாபாரத்திலேயே கிடையாது. குடையைத் தூக்கிப் பிடித்தார்.

"ராமையா, நீ சாட்சி. அந்த ஒயில மாத்தின பொறகு இந்தக் கார் நானுஓயா மேட்ட ஒரே ஒரு தடவ ஒழுங்கா ஏறிட்டா, அன்னைக்கே சாவிய இவ கையில குடுத்துட்டு நான் பின் சீட்ல உக்காந்து வர்றேன். போதுமா?"

சாவி என்பது அந்த வீட்டில் சாதாரண விஷயமில்லை. பூரணி லைசன் எடுத்து ஏழு வருஷம். எடுத்த நாளிலிருந்து அது அலுமாரியில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே, பூச்சி உருண்டை வாசனையோடு படுத்துக் கிடக்கிறது. கேட்கும்போதெல்லாம் கந்தப்பன் ஒரு சாக்கு வைத்திருந்தார். மழை என்றார் முன்பு, பிறகு வளைவு என்றார், கடைசியில் இதில் வந்து நின்றுவிட்டார்: "கார் என் காலுக்குப் பழகினது பூரணி. வேற கால் வச்சா அதுக்குப் புடிக்காது." மாட்டுக்குக்கூட யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்தக் காலுக்குப் பழகிய கார்தான் அவளை லீக்ஸோடு லீக்ஸாக ஊருக்கு அனுப்பி வைத்தது.

"சரிங்க" என்றாள் பூரணி.

பூரணி 'சரிங்க' என்று சொன்னால் பயப்படவேண்டும் என்பது இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் கந்தப்பன் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடம். ஆனாலும் ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் அவரை அரித்தது. அடுத்த வாரம் தீபாவளிச் சரக்கெடுக்க ரயிலேறிக் கொழும்புக்குப் போகவேண்டும். போனால் வர மறுநாளாகும். அந்த நேரத்தில் இவள் கராஜ் பாஸை வீட்டுக்கே வரவழைத்துவிட்டால்?

புறப்படுகிற காலையில் பொனட்டைத் திறந்தார். கியர்பாக்ஸ் ஒயில் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க ஒரு நீளக் கம்பி உண்டு; குழாய்க்குள் சொருகி வைத்திருப்பார்கள். அந்தக் குழாய் வழியாகத்தான் ஒயிலை ஊற்றவும் முடியும். கம்பியின் பிடியும் குழாயின் வாயும் சேருகிற இடத்தில், பூசையறைச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவே தன் கட்டைவிரலால் குங்குமப் பொட்டு ஒன்று வைத்தார். கம்பியை யாராவது இழுத்தால் பொட்டு உடைந்துவிடும்.

"துர்க்கையம்மன் குங்குமம்!" என்று உரக்கச் சொன்னார். "இத அழிக்கிறவன் குடும்பம் வெளங்காது!"

"நம்ம குடும்பந்தானேங்க?" என்று கேட்டாள் பூரணி, அடுப்படி ஜன்னலிலிருந்து.

கந்தப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கார்ச் சாவியைப் பூசையறைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்து, பிள்ளையாரிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டு ரயிலேறினார். அந்தப் படங்களை வெள்ளிக்கிழமை தோறும் கழற்றித் துடைப்பது யார் என்று அவர் யோசிக்கவில்லை. சாமி படங்கள் தாமாகவே சுத்தமாகிக்கொள்கின்றன என்றுதான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தார்.

மறுநாள் வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பொனட்டைத் திறந்தார். பொட்டு இருந்தது! சிவப்பாக, வட்டமாக, நடு மையத்தில். வெற்றிப் பெருமிதத்தோடு காரில் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் போய் ஸ்டியரிங்கில் இடித்தது.

"ஸ்ஸ்... அந்த ரயில் சீட்ல மடங்கி உக்காந்து வந்ததுல காலே ஒரு மாதிரியா ஆயிருச்சு பூரணி."

"அடடா. வாங்க, தைலம் தேச்சு விடுறேன்" என்றாள் பூரணி, என்றுமில்லாத அன்போடு. தேய்த்துவிட்ட பிறகு காரில் ஏறினால் முழங்கால் இடிக்கவில்லை; தைலத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டார்.

ஆவணியில் மறுபடி கொழும்பு. மறுபடி பொட்டு. திரும்பி வந்தால் பொட்டு அப்படியே இருந்தது. முழங்கால் மறுபடி இடித்தது. புரட்டாசியிலும் அதே கதை. கொழும்பு ரயிலே மனுஷன் முழங்காலுக்குப் பிடித்த சனியன் என்று கந்தப்பன் கடையில் எல்லோரிடமும் சொன்னார்.

இதற்கிடையில் அதிசயம் ஒன்று நடந்தது. கார் திருந்த ஆரம்பித்தது. முன்பெல்லாம் கியர் மாறும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ஓர் அடி விழும். பூரணி வாயில் வெற்றிலை போட்டிருந்தால் விழுங்கிவிடுவாள். ஆவணியில் அந்த உதை தட்டாக மாறியது. புரட்டாசியில் தட்டும் போய்விட்டது. எப்போது கியர் மாறுகிறது என்றே தெரியவில்லை.

இராமையாதான் முதலில் மூக்கை நுழைத்தார். பொனட்டுக்குள் குனிந்து பார்த்தார்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கலாமா? எஞ்சின் சூட்டுல இந்தச் சந்தனம் காஞ்சு வெடிச்சிருக்கணுமே. இன்னைக்குக் காலையில வச்ச மாதிரி ஈரமா இருக்கு?"

"அதுதான்யா சக்தி!"

"நீங்க வச்சது நீளமா இழுபட்டுல்ல இருந்துச்சு? இது ஒரு ரூவாக் குத்தி மாதிரி வட்டமா இருக்கு."

"நாளாக நாளாக வட்டமா வருது! இன்னுமா புரியல? ஒயில மாத்தாம பொட்டு வச்சேன். வண்டி புதுசா ஓடுது. என்ன பூரணி?"

"சக்திதாங்க. சந்தேகமே இல்ல" என்றாள் பூரணி, ஈரத்துணியில் விரலைத் துடைத்தபடி.

அதன் பிறகு கந்தப்பனைப் பிடிக்க முடியவில்லை. துணி எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் சேலைக்கு முன்னால் கியர்பாக்ஸை விரித்துக் காட்டினார். "பழைய வண்டியா? ஒயில மாத்திராதீங்க! பொட்டு வைங்க!" முதலில் ஒரு த்ரீவீல்காரர் வைத்தார். பிறகு மரக்கறி வான் ஒன்று. நோட்டன் பிரிட்ஜ் பஸ் டிரைவர் ஒருவர் வந்து சிங்களத்தில் விசாரித்துவிட்டு, "நம்ம பஸ்ஸுக்கும் ஒண்ணு வைங்க மொதலாளி" என்று தமிழில் கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் கடை வாசலில் பொனட்டைத் திறந்தபடி வண்டிகள் வரிசை கட்டி நின்றன. கந்தப்பன் குங்குமச் சிமிழோடு நடந்து போவார். பின்னால் கணக்கப்பிள்ளை சந்தனக் கிண்ணத்தோடு போவார். பூசைச் சாமான் கடையில் குங்குமத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒயில் விற்கிற கடைக்காரர் கந்தப்பனைக் கண்டால் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவ்வளவுக்கும் கந்தப்பன் நானுஓயாப் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்கவில்லை. வீரம் எல்லாம் ஹட்டன் டவுனுக்குள்தான். சக்தி எவ்வளவு இருந்தாலும் மேடு மேடுதானே என்று மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டிருந்தது.

ஆயுத பூசை வந்தது. கடைக் கத்திரிக்கோல், கெஜக்கோல், பூரணியின் தையல் மெஷின், அம்மிக்குழவி, எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றோடு மூன்று போத்தல்கள் இருந்தன. மூன்றுக்கும் பொட்டு, மூன்றின் கழுத்திலும் செவ்வந்திச் சரம். ஒன்றில் இருந்தது கன்னங்கறுப்பு. அடுத்தது மரப்பட்டை நிறம். மூன்றாவது பழச்சாறு மாதிரிச் சிவப்பு.

"என்ன பூரணி, கித்துள் வெல்லப் பாணியா?" என்று கறுப்புப் போத்தலின் மூடியைத் திருகப் போனார் கந்தப்பன்.

பூரணி அவர் கையில் பட்டென்று தட்டினாள். "பூசை முடியாமத் தொடாதீங்க! சாமிக்கு வச்சது."

"மத்தது தேனா?"

"நாளைக்கு லோஜினி வீட்டுக்குப் போறோம்ல, அங்க வச்சுச் சொல்றேன். மொதல்ல சூடத்தக் காட்டுங்க."

"நாளைக்கா? நுவரெலியாவுக்கா?" கந்தப்பன் ஜன்னல் வழியாகக் காரை எட்டிப் பார்த்தார்.

"ஏங்க? சக்தி இருக்குல்ல?"

வரிசையாக வண்டிகளுக்குப் பொட்டு வைத்த மனுஷன் இதற்கு என்ன சொல்ல முடியும்? தீபத்தட்டை எடுத்தார். கத்திரிக்கோலுக்குக் காட்டினார், மெஷினுக்குக் காட்டினார், மூன்று போத்தல்களுக்கும் நிறுத்தி நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினார். நாளைக்கு மேடு ஏறவேண்டுமே என்ற பயத்தில் கறுப்புப் போத்தலுக்கு முன்னால் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார்.

விஜயதசமியன்று காலை புறப்பட்டார்கள். "சாட்சி சொன்னவன் சும்மா இருக்கக்கூடாது" என்று இராமையாவும் வெள்ளை வேட்டியோடு வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார். தலவாக்கலை தாண்டினார்கள். நானுஓயாவில் மேகம் ரோட்டில் இறங்கிக் கிடந்தது. மேடு தொடங்கியது. கந்தப்பன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து முருகனைக் கூப்பிட்டார்.

கார் ஏறியது. கர்ஜனை இல்லை, உதை இல்லை, தயக்கம் இல்லை. போன தடவை கல் வைத்த இடத்தை அது திரும்பியும் பார்க்கவில்லை. யாரோ இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போவது மாதிரி வளைவு வளைவாக ஏறி, லோஜினி வீட்டு கேட்டில் போய் நின்றது.

லோஜினி சிரித்தபடி ஓடிவந்தாள். "வாங்க அத்தான்! இன்னைக்கு எந்த லொறியில வந்தீங்க?"

அவ்வளவுதான். கந்தப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காரின் மேல் ஒரு கையை ஊன்றினார்.

"லொறியா? பாரும்மா நல்லா! இருபத்திரண்டு வருஷத்துக் காரு. ஒயில மாத்து, ஒயில மாத்துன்னு உங்க அக்கா என்னைப் பிச்சுத் தின்னா. மாத்தினேனா? ஒரு சொட்டு மாத்தல! மேட்ட எப்படி ஏறிச்சு? ராமையா, சொல்லுய்யா!"

"ஒழுங்கா ஏறிச்சுங்களா?" என்று கேட்டாள் பூரணி, கூடையைக் கையில் எடுத்தபடி.

"ஒழுங்காவா? இதவிட ஒழுங்கா ஒரு கார் ஏறவே முடியாது!"

"ராமையாண்ணே, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டேன் தங்கச்சி."

பூரணி விறாந்தை மேசையில் கூடையை வைத்தாள். மூன்று போத்தல்களையும் எடுத்து வரிசையாக வைத்தாள். செவ்வந்திச் சரம்கூட வாடவில்லை.

"இந்தக் கறுப்பு, ஆடியில வடிச்சது. இது ஆவணி. சிவப்பு, புரட்டாசி. கராஜ் பாஸும் நானும் வடிச்சு வடிச்சுப் புதுசு ஊத்தினோம். இப்ப உள்ள இருக்குறதும் இந்தச் சிவப்புத்தான். மோந்து பாருங்க."

கந்தப்பன் கறுப்புப் போத்தலைத் திறந்து மோந்தார். கருகிய நெடி மூக்கில் ஏறியது. முகம் அந்தப் போத்தலின் நிறத்துக்கே போனது.

"துரோகம்!" என்று கத்தினார். "கட்டின புருஷனுக்குப் பண்ற துரோகம்! நான் வச்ச பொட்டு என்னாச்சு? பொட்டு அழியலியே!"

"அழிஞ்சுதுங்க. மூணு தடவையும் அழிஞ்சுது. மூணு தடவையும் நாந்தான் வச்சேன். வீட்டுல பொட்டு வைக்கிறது பொம்பளைங்க வேலைதானே? ஒங்க கட்டைவெரலுக்கு வட்டமே வராது."

"அப்ப நேத்து... நான் சூடம் காட்டினது..."

"கன்னத்துலயும் போட்டுக்கிட்டீங்க மொதலாளி" என்றார் இராமையா. "நான் ஜன்னல் வழியாப் பாத்தேன்."

லோஜினி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கந்தப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். ஹட்டன் டவுனில் பொட்டு வைத்துக்கொண்டு ஓடுகிற வண்டிகள் எல்லாம் கண்முன்னால் வரிசையாக வந்து போயின. ஆனாலும் வியாபாரி. கடைசிச் சரக்கையும் எடுத்துப் போட்டுப் பார்த்தார்.

"என் சம்மதத்தோட மாத்தினாத்தான் அந்தப் பேச்சு செல்லும்! நான் அப்படித்தான் சொன்னேன்!"

தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் துரைமார் சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்லியே பென்ஷன் வாங்கியவர் இராமையா. தொண்டையைச் செருமினார்.

"இல்ல மொதலாளி. 'அந்த ஒயில மாத்தின பொறகு இந்தக் கார் நானுஓயா மேட்ட ஒரே ஒரு தடவ ஒழுங்கா ஏறிட்டா, அன்னைக்கே சாவிய இவ கையில குடுத்துட்டு நான் பின் சீட்ல உக்காந்து வர்றேன்.' இதுதான் சொன்னீங்க. கையில கொட இருந்துச்சு."

பூரணி உள்ளங்கையை நீட்டினாள். அது அப்படியே நீட்டியபடி இருந்தது. கந்தப்பன் கையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். சாவி கை மாறியது.

சாயங்காலம் புறப்படும்போது இராமையா உரிமையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கந்தப்பன் பின் சீட்டில், லோஜினி கொடுத்தனுப்பிய லீக்ஸ் கட்டுகளுக்கு நடுவே இடுங்கிக்கொண்டார். மேகம் இன்னும் விலகவில்லை. இந்த இருட்டில், இந்த வளைவில், ஏழு வருஷமாக வண்டியையே தொடாத ஒருத்தி! இறங்கி நடந்து போனாலும் மேல் என்று நினைத்தார். "மொதல்ல கண்ணாடியப் பாரு! பிரேக்க மிதிச்சுக்கிட்டுக் கியரப் போடு! அவசரப்படாத!" என்று பின்னாலிருந்து படபடத்தார்.

பூரணி திரும்பவில்லை. குனிந்துகூடப் பார்க்காமல் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, எதையோ இழுத்தாள். சீட் முன்னால் நகர்ந்து 'டக்' என்று நின்றது.

கந்தப்பன் தன் முழங்கால்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கார் இறங்கத் தொடங்கியது. முதல் வளைவு வந்ததும் அவரையறியாமலே அவர் வலது கால் லீக்ஸ் கட்டை மிதித்து பிரேக் போட்டது. கண்ணாடி வழியாகப் பூரணி அதைப் பார்த்தாள்.

"கால எடுங்க, லீக்ஸ் நசுங்குது. இந்தக் கார் என் காலுக்குப் பழகி மூணு மாசமாச்சு."